தண்ணீர் பட்ட பாடு

1966-ஆம் ஆண்டின் மேற்கு பெர்லின். ஒரு பெரிய கடைக்குள் சில துருக்கியப் பெண்கள் முட்டை வாங்க நிற்கிறார்கள். ஜெர்மனில் முட்டைக்கு என்ன சொல் என்று ஒருத்திக்கும் தெரியாது. விற்பனைப் பெண்ணுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இடுப்பை ஆட்டிக் கோழியைப்போலக் கொக்கரிக்கிறார்கள். முட்டை கிடைத்துவிடுகிறது. உப்பு வாங்க வேறு வழி: தரையில் துப்பிவிட்டு நாக்கை நீட்டி முகத்தைச் சுளிக்க வேண்டும்.

எமினே செவ்கி ஒஸ்டமாரின் 'தங்கக் கொம்புப் பாலம்' நாவலில் வரும் காட்சி இது. ஜெர்மனில் 1998-இல் வந்த நாவலை மார்ட்டின் சால்மர்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். முதல்முறை விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. சொல்கிறவளிடம் வெட்கமே இல்லை. அவமானப்பட்டேன் என்று எங்கும் புலம்பவில்லை. முட்டை வேண்டும், கொக்கரித்தோம், வாங்கினோம். அவ்வளவுதான்.

வெளிநாட்டில் பொறியியல் வேலை பார்க்கும் நம்மாட்களிடம் இந்த நாவலை ஏன் இவ்வளவு வற்புறுத்திக் கொடுக்கிறேன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கதாநாயகி பொறியாளரும் இல்லை, இந்தியரும் இல்லை. நடிப்புப் பள்ளிக்குப் பணம் சேர்க்க பெர்லின் வந்து, வானொலி வால்வு செய்யும் ஆலையில் வேலைக்குச் சேர்கிறவள். ஆனால் மொழி தெரியாத ஊரில் மின்னணுச் சாமான் செய்து பிழைப்பது என்றால் என்ன என்பதை இவ்வளவு நுணுக்கமாக எழுதிய இன்னொரு நாவலை நான் படித்ததில்லை. வலது கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் சாமணம், மேலே குழல்விளக்கு. நாள் முழுக்க உலகமே அந்த ஒரு வட்டத்துக்குள் சுருங்கிவிடுகிறது. வால்வுக்கு மொழி தேவையில்லை. எனக்கும் என் வேலையில் பல நாட்கள் அப்படித்தான் போகின்றன. எடிட்டர் திரையில் இருப்பது ஆங்கிலச் சொற்கள், அதையும் நாம் ஆங்கிலமாகவா பார்க்கிறோம்? 'இஃப்', 'வொய்ல்' எல்லாம் கீபோர்டில் விரல் போகும் தடம், அவ்வளவுதான்.

ஜெர்மனியும் துருக்கியும் ஆளெடுப்பு ஒப்பந்தம் போட்டது 1961 அக்டோபர் 30. இஸ்தான்புல்லில் ஜெர்மன் அலுவலகம் ஒன்று இருந்தது. அங்கே உடல் பரிசோதனை நடக்கும், பல்லைக்கூடப் பார்ப்பார்கள். ஜான் பெர்ஜரும் புகைப்படக்காரர் ழான் மோரும் சேர்ந்து 1975-இல் வெளியிட்ட 'ஏழாம் மனிதன்' நூலில் அந்தப் பரிசோதனையின் படங்கள் இருக்கின்றன. உள்ளாடையோடு வரிசையில் நிற்கும் ஆண்கள். ஒஸ்டமார் நாவலின் ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவரும் இதே பெர்ஜர்தான். அந்தத் தொழிலாளர்களிடம் யாரும் மொழி கேட்கவில்லை. கேட்டது உடம்பு.

எங்களிடமும் மொழி கேட்கவில்லை என்பதுதான் இதில் சுவாரசியம். 2000 பிப்ரவரியில் அன்றைய சான்சலர் கெர்ஹார்ட் ஷ்ரோடர், ஹனோவர் கணினிக் கண்காட்சியில் 'கிரீன் கார்டு' திட்டத்தை அறிவித்தார். ஐடி ஆட்கள் 20,000 பேர் வரை, ஐந்து வருடம் வரை. அந்த வருடமே ஒரு மாநிலத் தேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர் யூர்கன் ருட்கெர்ஸ் பெயரோடு ஒட்டிக்கொண்ட முழக்கம் 'கிண்டர் ஷ்டாட் இண்டர்'. இந்தியர்களுக்குப் பதில் (நம்) குழந்தைகள். எதுகை கச்சிதமாக இருந்தது, தேர்தலில் தோற்றுப்போனார். 2012-இல் ப்ளூ கார்டு வந்தது. அதை வாங்க ஜெர்மன் சான்றிதழ் தேவையில்லை. பட்டம், வேலை ஒப்பந்தம், குறைந்தபட்சச் சம்பளம், போதும். மொழி என்கிற கேள்வி பின்னால்தான் வரும். நிரந்தர வதிவுரிமைக்கு ஏ1 இருந்தால் 27 மாதம், பி1 இருந்தால் 21 மாதம். வித்தியாசம் ஆறே மாதம்தான். என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் அந்த ஆறு மாதத்துக்காகத்தான் ஜெர்மன் படித்தார்கள், கதேவுக்காக இல்லை.

வேலை விளம்பரங்களைப் பார்த்தவர்களுக்கு இரண்டு சொற்கள் மனப்பாடமாகியிருக்கும். ஒன்று 'ஃப்ளீஸென்ட்', அதாவது ஓடும் தண்ணீர்போல. தமிழிலும் நமக்கு இது தண்ணீர் பட்ட பாடுதான். இரண்டு மொழிக்காரர்களும் சரளத்துக்குத் தண்ணீரிடமே போயிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம். இன்னொன்று 'ஃபெர்ஹாண்ட்லுங்ஸ்ஸிஷர்'. பேச்சுவார்த்தை மேசையில் தடுமாறாமல் நிற்கிற அளவுக்கு மொழி. ஏ1-லிருந்து சி2 வரையுள்ள ஆறு படிகளில் இந்தச் சொல் எதிலும் இல்லை. எந்தத் தேர்வும் எழுதி இதற்குச் சான்றிதழ் வாங்க முடியாது. கம்பெனி நினைத்தால் உங்களுக்கு இருக்கிறது, நினைக்காவிட்டால் இல்லை.

மென்பொருள்காரர்கள் தப்பித்துக்கொள்கிறோம். திருச்சிக்காரனான என் கல்லூரி நண்பன் சிவில். பி1 முடித்து, பட்டத்துக்கு அங்கீகாரமும் வாங்கிவிட்டு எட்டு மாதம் வேலை தேடினான். "மச்சான், கான்கிரீட் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்டா. ஆனா கான்கிரீட் போடுறவன்கிட்ட நிறுத்துன்னு சொல்ல ஜெர்மன் வேணும்" என்றான். நியாயமான பேச்சு. கட்டுமானத் தளத்தில் ஒரு சொல் தாமதமானால் ஒருவன் கால் போகும். அங்கே மொழி கேட்பதை நான் குறை சொல்லமாட்டேன். பத்துப் பேரில் எட்டுப் பேர் ஜெர்மானியரல்லாத அணிக்கு, ஆங்கிலத்திலேயே மொத்த வேலையும் நடக்கிற அணிக்கு, அதே சொல்லை விளம்பரத்தில் போடும்போதுதான் சந்தேகம் வருகிறது.

சரி, ஒஸ்டமாருக்கு வருவோம். கதாநாயகி ஜெர்மன் படிக்கும் விதம் இந்த நாவலின் ஆகச்சிறந்த கண்டுபிடிப்பு. செய்தித்தாள் தலைப்புகளை அர்த்தம் தெரியாமலேயே மனப்பாடம் செய்கிறாள். யாராவது ஏதாவது கேட்டால் ஒரு தலைப்பைப் பதிலாக எடுத்து விடுகிறாள். மேற்கத்திய விமர்சகர்கள் பலர் இதில் சர்ரியலிசத்தையும் பிரெக்டின் நாடக உத்தியையும் பார்க்கிறார்கள். பார்க்கலாம், நாவலிலேயே பிரெக்ட் வருகிறார். ஆனால் தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது வரை படித்துவிட்டு இன்ஜினியரிங் சேர்ந்த எவருக்கும் இது உத்தியாகத் தோன்றாது. இதற்கு எங்கள் விடுதியில் பெயர் 'மக்கப்'. முதல் செமஸ்டரில் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் புத்தகத்தை வரி வரியாக அர்த்தம் புரியாமல் நெட்டுரு போட்டு, தேர்வில் கேட்ட கேள்விக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற பத்தியை இறக்கிவைத்தவர்கள் நாங்கள். எழுந்து நின்று வாத்தியாருக்கு ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்பதற்குப் பதிலாகக் கோழிபோலக் கொக்கரித்திருக்கலாம், அது இன்னும் சுலபம். அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியது 2010-இல்தான்.

அதனால்தான் சொல்கிறேன், மொழி தெரியாத ஊரில் பொறியியல் என்கிற கதை நம்மாட்களுக்கு ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் தொடங்குவதில்லை. அது கிண்டியிலோ கோயம்புத்தூரிலோ, ஏதோ ஒரு கல்லூரியின் முதல் வகுப்பிலேயே தொடங்கிவிட்டது. பெர்லினுக்கு வரும்போது நமக்கு அதில் ஏற்கெனவே பத்து வருட அனுபவம் இருக்கிறது. இந்த அனுபவத்தை ஒரு திறமையாக எழுதின தமிழ் நாவல் எனக்குக் கிடைக்கவில்லை. தாழ்வு மனப்பான்மையாக எழுதியவை உண்டு, நிறைய உண்டு. ஒஸ்டமாரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வெட்கமின்மையைத்தான்.

இன்னொரு இடம். பெண்கள் விடுதிக்குப் பக்கத்தில் போரில் குண்டு விழுந்து இடிந்துபோன ரயில் நிலையம், அன்ஹால்டர். அந்த முகப்புச் சுவர் இன்றும் நிற்கிறது. பெண்கள் அதை 'உடைந்த நிலையம்' என்கிறார்கள். துருக்கியில் உடைந்ததைக் குறிக்கும் சொல்லே மனம் புண்பட்டதையும் குறிக்கும். ஆகவே நாவல் முழுக்க அது மனம் புண்பட்ட ரயில் நிலையமாகிவிடுகிறது. ஜெர்மன் வாசகருக்கு இது விநோதமான கவித்துவம். தமிழில் இதற்கு விளக்கமே வேண்டாம். 'ஆளு உடைஞ்சு போயிட்டான்' என்று நாமும்தான் சொல்கிறோம். இங்கே மொழி தெரியாமை ஒரு குறையாக வேலை செய்யவில்லை. ஜெர்மானியர்கள் தங்கள் நகரத்தின் காயத்துக்கு வைக்காத பெயரை, ஜெர்மன் தெரியாத ஆலைத் தொழிலாளிகள் வைத்துவிட்டார்கள். 2022-இல் ஒஸ்டமாருக்கு ஜெர்மன் இலக்கியத்தின் பெரிய விருதான பியூக்னர் பரிசு கொடுத்தார்கள். இதற்காக என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

இந்த இடத்தில்தான் யோகோ தவாதாவோடு எனக்குச் சண்டை. டோக்கியோவில் பிறந்து 1982-இல் ஹாம்பர்க் வந்து, ஜப்பானியம், ஜெர்மன் இரண்டிலும் எழுதுகிறவர். அவருடைய 'தாய்மொழியிலிருந்து மொழித்தாய்க்கு' என்ற சிறு கட்டுரை எங்களைப் போன்ற ஆட்களிடையே கிட்டத்தட்ட வேதம். ஹாம்பர்க் அலுவலகம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த ஜப்பானியப் பெண். பக்கத்து மேசைக்காரி எழுதாத பென்சிலைத் திட்டுகிறாள். ஜெர்மனில் பென்சில் ஆண்பால் என்பதால், யாரோ ஒரு ஆணைத் திட்டுவதுபோல இவளுக்குக் கேட்கிறது. (நாமும் 'இந்த சனியன் எழுத மாட்டேங்குது' என்று திட்டுவோம். ஆனால் அஃறிணையில்தான். சனியே கிரகமாக வந்து நின்றாலும் பேனாவுக்கு உயர்திணை கிடையாது.) அந்த அலுவலகத்தில் அவளுக்கு ஆகப் பிடித்த பொருள் ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கும் கருவி. தாய்மொழியில் சொற்கள் நம் எண்ணங்களோடு பின் அடித்து ஒட்டப்பட்டிருக்கின்றன, அயல்மொழி அந்தப் பின்னைப் பிடுங்குகிறது, சொல் தனியாக மினுங்குகிறது. இதுதான் கட்டுரையின் வாதம்.

அழகான வாதம். சொற்களோடு விளையாடுகிற சந்தோஷத்தை ஒரு அலுவலக இழுப்பறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டியது சாதாரணக் காரியமில்லை. நானே இரண்டு வருடம் இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு நான் வேலை பார்த்த நிறுவனத்தில் ஆட்குறைப்பு வந்தது.

மதுரைக்காரர் ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ப்ளூ கார்டு, மனைவி, இரண்டு பிள்ளைகள். ஆறு பக்கக் காகிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, உங்களுக்கு ஜெர்மன் வருமே. இதுல எங்க கையெழுத்துப் போடணும், எங்க போடக்கூடாதுன்னு மட்டும் சொல்லுங்க." என்னிடம் இருந்தது பி1. அந்தக் காகிதத்தின் தலைப்பு 'ஆவுஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக்'. வேலை உறவை இருவரும் சம்மதித்து முடித்துக்கொள்ளும் ஒப்பந்தம். பக்கத்திலேயே ஆங்கிலம் இருந்தது, கடைசியில் சிறு எழுத்தில் ஒரு வரியும் இருந்தது: சட்டப்படி ஜெர்மன் வடிவமே செல்லும்.

தத்துவம் படித்தவர்களுக்கு அந்தத் தலைப்பின் முதல் பாதி பழக்கமானது. 'ஆவுஃப்ஹேபன்' ஹெகலின் செல்லச் சொல். ரத்து செய்வது, பாதுகாத்து வைப்பது, மேலே தூக்குவது, மூன்றும் ஒரே சொல்லில். தவாதா கையில் கிடைத்தால் ஒரு முழுக் கட்டுரை எழுதியிருப்பார். எங்கள் மேசையில் அதற்கு இருந்தது ஒரே அர்த்தம். கையெழுத்துப் போட்டால், வேலையைத் தானே விட்டதாகக் கருதி, வேலையில்லா உதவித்தொகையைப் பன்னிரண்டு வாரம்வரை நிறுத்திவைக்க முடியும். இது அந்தக் காகிதத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்காது. வதிவுரிமையும் வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. அடுத்த வேலை தேட ப்ளூ கார்டுக்காரருக்குக் கிடைப்பது சில மாதங்கள். அந்த ஆறு பக்கங்களும் ஒரு ஸ்டேப்ளர் பின்னில்தான் நின்றன. அதைப் பிடுங்குவதில் எனக்கு எந்தச் சந்தோஷமும் வரவில்லை. ஆங்கிலம் பேசுகிற ஒரு வக்கீலைக் கண்டுபிடித்தோம். இரண்டு பிரிவுகளை மாற்ற வைத்தார், அதற்குரிய பணத்தையும் வாங்கிக்கொண்டார்.

தவாதாவின் கட்டுரை பொய் என்று சொல்லவில்லை. அதில் வரும் பெண்ணும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள்தான். ஆனால் அந்தக் கட்டுரையில் சம்பளம் இல்லை, வாடகை இல்லை, மேலாளர் கிட்டத்தட்ட இல்லை. பென்சிலும் தட்டச்சு இயந்திரமும் மட்டும் இருக்கின்றன. மொழி தெரியாமையின் அழகை எழுதும்போது அந்தத் தெரியாமைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை மேசையிலிருந்து துடைத்துவிடுகிறார். அந்த விலையைத் தராமல் தப்பித்துக்கொள்ளக் கூடிய வாசகர்களிடம்தான் இந்தக் கட்டுரை இவ்வளவு பிரபலம் என்பது தற்செயல் இல்லை என்று படுகிறது.

ஆனால் தவாதாவே இதை உணர்ந்திருக்கிறார் என்றுதான் அவருடைய பிற்கால நாவலைப் படிக்கும்போது தோன்றுகிறது. 2018-இல் ஜப்பானிய மொழியில் வந்த நாவல், ஆங்கிலத்தில் 'ஸ்கேட்டர்டு ஆல் ஓவர் தி எர்த்'. நாடே காணாமல் போய்விட்ட ஹிருகோ என்ற பெண், ஸ்காண்டிநேவியா முழுக்கப் புரிகிற 'பான்ஸ்கா' என்ற மொழியைத் தானே உருவாக்கிக்கொண்டு பிழைக்கிறாள். ஏன்? இன்று ஒரு நாடு, நாளை எந்த நாட்டுக்கு அனுப்புவார்களோ தெரியாது, ஒவ்வொரு மொழியாகக் கற்கக் காலமில்லை. ஆங்கிலம் அவளுக்கு நன்றாகவே வரும், ஆனால் மறைக்கிறாள். ஆங்கிலம் தெரிந்தால் அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே மருத்துவச் செலவு கட்டுபடியாகாது என்ற பயம். இங்கேயும் மொழி விளையாட்டுத்தான், ஆனால் விளையாட்டுக்குக் கீழே விசா அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். பென்சில் கட்டுரையைவிட நூறு மடங்கு இது எனக்கு நெருக்கம். நாவலின் பின்பாதி ஆளாளுக்குப் பேசிப் பேசித் தளர்ந்துபோவது வேறு விஷயம்.

பான்ஸ்காவைப் படிக்கும்போது எங்கள் அலுவலக ஆங்கிலம் ஞாபகம் வந்தது. போலந்துக்காரர், பிரேசில்காரர், மதுரைக்காரர் மூவரும் பேசும் அந்த ஆங்கிலம் லண்டனில் செல்லாது, ஆனால் சர்வர் விழுந்த இரவு இரண்டு மணிக்கு அற்புதமாக வேலை செய்யும். அதில் யாரும் யாரையும் திருத்துவதில்லை. மதியம் சமையலறைப் பக்கம் போனால் ஜெர்மன். நான் நுழைந்ததும் பேச்சு மரியாதையாக ஆங்கிலத்துக்கு மாறும், ஒரு நிமிடத்தில் தானாகவே முடிந்துபோகும். யாரிடமும் கெட்ட எண்ணமில்லை. நிறுவனத்தில் அடுத்து யார் மேலாளர், எந்தத் திட்டத்தை மூடப்போகிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்கு முன்னால் பேசி முடிந்திருக்கும்.

ஜெர்மன் தொழிலாளர் மன்றத் தேர்தல் விதிகளில் ஒரு பிரிவு உண்டு: ஜெர்மன் தெரியாத அயல்நாட்டுத் தொழிலாளருக்குத் தேர்தலைப் பற்றித் தகுந்த முறையில் தெரிவிக்கத் தேர்தல் குழு பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல விதி. ஆனால் 'தெரியாத' என்பதற்கு அங்கே பயன்படும் சட்டச் சொல் 'மெஷ்டிஷ்' என்பதன் எதிர்மறை. மொழியின் மீது வல்லமை இல்லாதவர் என்று பொருள். வல்லமை, ஆட்சி, அதிகாரம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. எந்தக் கவிஞரும் திட்டமிடாமல் சட்டம் எழுதுகிறவர் உண்மையைச் சொல்லிவிட்டார். பெர்ஜரின் 'ஏழாம் மனிதன்' இதைத்தான் வேறு மாதிரிச் சொல்கிறது. புலம்பெயர்ந்தவன் அயல்மொழியில் இருபது சொல் கற்றுக்கொண்டு காப்பி கேட்கிறான். கடைக்காரனுக்கு அது காப்பியாகக் கேட்கவில்லை, கேட்கக் கூடாத இடத்தில் கேட்கிறான் என்றுதான் கேட்கிறது.

ஒஸ்டமாருக்கு இந்த அதிகாரக் கணக்கு தெரியும். ஆலையில் முதலாளிக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்கிறார். பெண்களின் முழு ஜெர்மனியும் அவர் வாய் வழியாகத்தான் வருகிறது. பிறகு கதாநாயகி முறையாக ஜெர்மன் படித்துத் திரும்பி, தானே மொழிபெயர்ப்பாளராகிறாள். கொக்கரித்தவள் இப்போது மற்றவர்களுக்காகப் பேசுகிறாள். நாவல் இதை முன்னேற்றக் கதையாகக் கொண்டாடுவதில்லை, சட்டென்று கடந்து, அறுபதுகளின் அரசியலுக்குள்ளும் காதல்களுக்குள்ளும் போய்விடுகிறது. இஸ்தான்புல்லில் நடக்கும் இரண்டாம் பாதி எனக்கு முதல் பாதி அளவுக்கு ஒட்டவில்லை. அங்கே அவளுக்கு மொழி தெரியும், ஒருவேளை அதனால்தானோ என்னவோ.

தமிழில் இந்தப் பக்கம் யார் எழுதியிருக்கிறார்கள்? அகதியாக வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஷோபாசக்தியின் 'கொரில்லா'வில் தஞ்சம் கேட்கும் மனுவே இலக்கிய வடிவமாகிறது. பெர்லினில் வாழும் பொ. கருணாகரமூர்த்தியின் 'பெர்லின் இரவுகள்' டாக்சி ஓட்டுநர் பார்த்த நகரம். அவர்களுக்கு ஊர்மொழி இல்லாமல் ஒரு நாளும் நகராது, அதனால் அது பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. பொறியாளர்கள் எழுதுவதில் வருவது பனி, தனிமை, வாட்ஸாப்பில் அம்மா, இலையுதிர் காலத்தின் நிறங்கள். அலுவலகம் வரும், ஆனால் அங்கே எல்லோரும் நல்ல தமிழில் பேசிக்கொள்வார்கள். எந்த மொழியில் பேசினார்கள், யார் எந்தச் சொல்லுக்குத் திணறினார்கள், யாருடைய நகைச்சுவைக்குப் புரியாமல் சிரித்தார்கள் என்பது கதையில் இருக்காது. ஆங்கிலம் என்கிற கண்ணாடிச் சுவருக்குள் இருப்பதால் தமிழ்க் கதையிலும் அந்தச் சுவர் தெரிவதில்லை. எனக்குத் தெரிந்த மூன்று இளம் எழுத்தாளர்கள் ம்யூனிக்கிலும் ஸ்டுட்கார்ட்டிலும் இருக்கிறார்கள். நன்றாக எழுதுகிறவர்கள். கதைகளைப் படிக்கக் கொடுத்தால் எல்லோரிடமும் இதையே கேட்கிறேன்: உன் கதையில் வீட்டு ஓனரம்மா பேசுவது எந்த மொழி? அதில் உனக்கு எத்தனை சொல் புரிந்தது? புரியாத சொற்களையும் எழுதேன், கோழிச் சத்தமாகவாவது எழுதேன்.

ஒருவர் பதில் அனுப்பியிருக்கிறார். வாடகை ஒப்பந்தத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் படம் பிடித்துப் படிக்கிற கதை. செயலி 'துணைச் செலவுகள்' என்று வரவேண்டிய இடத்தில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு தமிழ்ச் சொல்லைத் தருகிறது. கணவனும் மனைவியும் ராத்திரி பதினோரு மணிக்கு அதை வைத்துச் சண்டை போடுகிறார்கள். கதை இன்னும் முடியவில்லை, முடித்ததும் அனுப்புகிறேன் என்றார்.